வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆங்கிலமும் ஒரு பாடமாக எங்களோடு வந்தது. மெமரி போயத்தை மனப்பாடம் செய்தோம், பாராகிராஃபை உருப்போட்டோம், தேர்விலும் தேறினோம். ஆனால் நேர்காணலில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அது எங்கள் புத்தியின் குறை என்றார்கள். நாங்களும் நம்பினோம், இனி நம்பமாட்டோம். அத்தனை ஆண்டும் ஆங்கிலம் பாடவேளை மணியோடு வந்து மணியோடு போயிற்று. வீட்டிலோ தெருவிலோ அதற்கு ஒரு வேலையும் இல்லை. புழங்காத மொழி எப்படி வாயில் வரும்?

ஆகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். தமிழில் ஏற்கெனவே தெரிந்துகொண்டதை அன்றாடம் ஆங்கிலத்தில் மறுபடி சந்திப்பது என்பதே எங்கள் வழி.

திருச்சி ரயில் நிலையத்தில் வைகை எக்ஸ்பிரஸுக்காக நிற்கிறோம். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கி, வண்டி எண் 12635 எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதைத் தமிழில் சொல்லிவிடுகிறார்கள். அதே அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும்போது நாம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறோம். இனி நின்று கேட்போம், கேட்டதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். விஷயம் முன்பே தெரியும் என்பதால் அகராதி தேவையில்லை. 'ஷார்ட்லி' என்றால் இன்னும் சற்று நேரத்தில் என்று காதே கண்டுபிடித்துவிடும். கிரிக்கெட் வர்ணனையிலும் அப்படித்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதைக் கண் பார்த்துவிட்டது, அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று காது பிடித்துக்கொண்டால் போதும். கைபேசியின் மொழியையும் ஆங்கிலத்துக்கு மாற்றுவோம். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்கு ஏற்கெனவே தெரியும்.

கேட்பதோடு படிக்கவும் வேண்டும், அதற்கு நூலகம் இருக்கிறது. அது நமக்கு யாரும் இரங்கிக் கொடுத்த இடமல்ல. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டிவருகிறோம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டுப் பெற்றுத்தந்த சட்டம் அது. அங்கே முதலில் தமிழ் நாளிதழில் ஒரு செய்தியைப் படிப்போம், பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில் தேடிப் படிப்போம். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். தலையங்கத்தில் தொடங்க வேண்டாம், விபத்து, மழை, விளையாட்டுச் செய்திகளே நல்ல தொடக்கம்.

கடினமான சொற்கள் தெரிந்தால்தான் ஆங்கிலம் என்ற பயத்தையும் விடுகிறோம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்களை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில், நிதானமாக உலகச் செய்திகளையே அது சொன்னது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு அந்தச் சொற்களில் பெரும்பாலானவை தெரிந்தே இருக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தெரிந்ததை எடுத்துப் பேச அவர்களுக்கு இடம்தான் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்தாலும் பேசவிடாமல் தடுப்பது ஏளனம். வாயைத் திறந்ததும் 'பீட்டர் விடுறான் பாரு' என்று ஒரு பக்கம் சிரிப்பு, இலக்கணம் பிசகினால் மறுபக்கம் சிரிப்பு. பெண்பிள்ளைகள் இதற்கு அஞ்சியே வாய்மூடிப் போகிறார்கள். இந்த இரண்டு சிரிப்பையும் எங்கள் கூட்டத்துக்குள் அனுமதிக்கமாட்டோம்.

தமிழைக் குறைத்துப் பேசி ஆங்கிலத்தை உயர்த்துகிறவர்களுக்கும் இங்கே வேலை இல்லை. எங்கள் முறை நிற்பதே தமிழின் மேல்தான். நன்றாகத் தமிழ் வாசிக்கிறவர் இங்கே வேகமாக முன்னேறுவார்.

சேர்வதற்குக் கட்டணமோ வயது வரம்போ கிடையாது. கூலிவேலைக்குப் போகிற அக்காவும் கல்லூரிக்குப் போகிற தம்பியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ஞாயிறுதோறும் காலையில் கிளை நூலகத்தில் கூடுவோம். அந்த வாரம் ஆங்கிலத்தில் கேட்ட ஒன்றை, படித்த ஒன்றை ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். நடுவில் தமிழ் கலந்தால் பரவாயில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் திருத்தக் கூடாது. பேசி முடித்தபின் அவரே கேட்டால் மட்டும் சொல்லலாம்.