விதைக்கு ஏது தூய்மை?



விதை உரிமைக்காக நாம் பிடிக்கும் பதாகைகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருது: ‘கலப்பில்லாத நாட்டு விதை’. கருங்கண்ணி தூய்மையானது, அமெரிக்கப் பருத்தி கலப்பினம், அதனால் அது எதிரி. தாவர மரபியல் படிக்கிறவள் என்ற முறையில் சொல்றேன்: இந்த வாதம் அறிவியலாகவும் தப்பு, அரசியலாகவும் தப்பு.

உலகில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ஹிர்சூட்டம் என்ற ஒரே இனம். அதன் செல்லில் 52 குரோமோசோம்கள். கருங்கண்ணி சேர்ந்த ஆர்போரியம் இனத்துக்கு 26தான். ஏன் இந்த இரட்டிப்பு? சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், ஆப்பிரிக்க-ஆசிய வம்சத்துச் செடி ஒன்றும் அமெரிக்க வம்சத்துச் செடி ஒன்றும் கலந்தன. இரண்டு பேருடைய குரோமோசோம் தொகுதிகளும் முழுசாக சந்ததியில் தங்கிவிட்டன. கருங்கண்ணியின் சொந்தக்காரச் செடிதான் அதில் தாய்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். சில அடங்கிப்போச்சு, சில வேலையைப் பங்கு போட்டுக்கிச்சு, சில புது வேலை எடுத்துக்கிச்சு. அமெரிக்க வம்சத்துக் காட்டுச்செடிகளில் நூற்கத் தக்க இழையே கிடையாது. ஆனால் இன்றைய பருத்தி இழையின் தரத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடங்களில் பல, அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரோமோசோம்களில்தான் இருக்கு. தனியா இருந்தப்போ இழை தராத பாதி, சேர்ந்த பிறகு இழையை வளர்த்தது.

அந்தச் செடியைப் பல ஆயிரம் ஆண்டுகள் பொறுக்கி வளர்த்துப் பயிராக்கியவர்கள் மெக்சிகோவின் யுகடான் பகுதிப் பூர்வகுடிகள். பிறகு அமெரிக்கத் தெற்கில் அதே பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். இவர்கள் யாருக்கும் காப்புரிமை கிடைக்கல. 1992இல் அக்ரசீட்டஸ் என்ற கம்பெனிக்குக் கிடைச்சது: எந்த வழியில் மரபணு மாற்றினாலும் சரி, அப்படி மாற்றிய பருத்தி எல்லாமே அதன் சொத்து என்று அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்தியாவில் அதே கம்பெனி வாங்கியிருந்த காப்புரிமையை 1994இல் அரசு ரத்து செய்தது.

2002இல் பி.டி. பருத்தி இந்தியாவுக்குள் வந்தது. மண் பாக்டீரியாவின் ஒரு மரபணு, அதுவும் வீரிய ஒட்டு விதைக்குள். கவனிங்க, பழைய கலப்பில் இரண்டு தொகுதிகளும் தலைமுறை தலைமுறையாக அப்படியே கூட வரும்; அந்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். வீரிய ஒட்டில் அடுத்த தலைமுறையிலேயே குணங்கள் சிதறிப்போகும். வருஷா வருஷம் கடைக்குப் போகணும், கடன் வாங்கணும். 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவுக்கே பழகிவிட்டதை மான்சான்டோ ஒப்புக்கொண்டது. பூச்சிமருந்துச் செலவும் விவசாயி தலையில்.

ஆக, விவசாயியைக் கட்டிப்போட்டது குரோமோசோம் கலந்தது இல்ல. விதையைப் பூட்டி விற்றதுதான்.

‘அப்போ கருங்கண்ணி வேண்டாமா?’ என்று கேட்பீங்க. கண்டிப்பா வேணும். மானாவாரிக் கரிசலில் வறட்சியைத் தாங்கும், இலைச்சுருள் வைரஸ் அதை அண்டாது, விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். இத்தனை நல்ல காரணங்கள் இருக்கும்போது ‘தூய்மை’ எதுக்கு? அதன் நெருங்கிய உறவினமே ஆப்பிரிக்காவில் காட்டுச்செடியாக வளருது.

தூய ரத்தம் என்று சாதி பேசும்போது எதிர்க்கிறோம். நாம் வாழும் நாடுகளில் வெள்ளை இனவாதம் பேசும்போதும் தெருவுக்கு வர்றோம். அதே சொல்லை விதைக்குக் கொடுத்தால் அது விதையோடு நிற்காது, மனுஷங்க மேல திரும்பி வரும்.

விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாறிக்கொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சுருக்கும் 1991 யுபோவ் விதிகளை வர்த்தக ஒப்பந்தங்கள் வழியாகத் தெற்கு நாடுகள் மேல் திணிப்பது பணக்கார நாடுகள். அவற்றில் பலவற்றில் நமக்கு ஓட்டு இருக்கு. நம் வேலை அங்கேதான் இருக்கு.

அடுத்த ஊர்வலத்துக்குப் பதாகையை மாத்துவோம்: ‘விதை யார் கையில்?’