டோராவின் வயிறு எங்கே?

பிளெண்டரில் தான் செதுக்கிய டோராவை என் மாணவி ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். தோலில் நுண்துளைகள், கண்ணில் ஈரம், நெற்றியோரத்தில் பூனைமுடி. “நிஜக் குழந்தை மாதிரியே இருக்கா இல்ல, மேடம்?”

டோராவின் உருண்டை வயிற்றைக் காணோம். கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்து நீண்டிருந்தது. ஏழு வயதுக்காரிக்கு!

மாணவியைக் குறை சொல்லமாட்டேன். வணிகம் முந்திக்கொண்டது. 2000இல் அமெரிக்காவின் நிக்கலோடியனில் வந்த டோரா, முதுகுப்பையும் வரைபடமுமாகக் காடுமலை சுற்றியவள். நம் வீடுகளில் புஜ்ஜியோடு தமிழ் பேசியவள். 2009இல் மேட்டல் நிறுவனமும் நிக்கலோடியனும் சேர்ந்து அவளைச் சற்றே வளர்ந்த பெண்ணாக்கிப் பொம்மை செய்தபோது முடி நீண்டது, உடல் மெலிந்தது. அங்குள்ள பெற்றோர் பலர் கொதித்தார்கள்.

மென்பொருள் நமக்குத் தருவது வெறும் உருண்டையைத்தான். அதற்கு இடுப்பு தெரியாது. எங்கே அழுத்துவது, எங்கே இழுப்பது என்று முடிவெடுப்பது நம் கை. அந்தக் கையைப் பழக்கியது யார்? அழகுசாதன விளம்பரமும் பொம்மைக் கடையும் சினிமாவும்தானே? மயிர்க்கால்வரை உண்மை, உடல் மட்டும் பொய்: இதற்கா யதார்த்தம் என்று பெயர்?

“உன் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். முட்டியில் சிராய்ப்பு, விழுந்த முன்பல், சட்டையை முட்டும் தொப்பை. யோசித்தாள்.

“முதலில் அந்த வயிற்றைத் திருப்பிக் கொடு. தோலைப் பிறகு பார்ப்போம்.”