ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்குங்கள், தோழர்களே!

வேலை நேர்காணலுக்கு எந்த ஷூ போடுவது, பட்டமளிப்பு விழாவுக்கு எது, நண்பரின் திருமணத்துக்கு எது என்று நம் மாணவர்கள் கேட்டால், முற்போக்கு பேசும் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "அம்பேத்கரியம் பேசுகிறவனுக்குப் பளபளக்கும் ஷூ எதற்கு? எளிமையாக இரு" என்கிறார்கள். இது யாருடைய எளிமை என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். அது அவர் விரும்பி ஏற்ற எளிமை. நாடே வணங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. காந்தி தானாகக் கழற்றினார். நம் தாத்தாக்களிடம் பிடுங்கினார்கள். இரண்டுக்கும் எளிமை என்று ஒரே பெயர் வைக்க நாம் தயாரில்லை.

இது பழங்கதையும் அல்ல. பொது இடத்தில் காலணி அணிய விடாமல் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெருவுக்குள் நம் மக்கள் முதன்முறையாகச் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பரில்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ செய்து அனுப்பும் ஆலைகளில் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. தைக்கலாம், போடக் கூடாதா?

எந்த இடத்துக்கு எதைப் போடுவது என்பதை வசதியான வீடுகளில் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். பண்பாட்டு மூலதனம் என்று பூர்தியு சொன்னது இதைத்தான். நம் வீடுகளில் சொல்ல ஆளில்லை. அதனால் நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

லேஸ் கோக்கும் பகுதி முன்பக்கத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்ட். கோட்டு சூட்டுக்கும், நீதிமன்றத்துக்கும், பெரிய நேர்காணலுக்கும் பொருத்தமானது. அந்தப் பகுதி மேலே தைக்கப்பட்டிருந்தால் டெர்பி. வெறுங்காலோடு நடந்து வளர்ந்த அகலமான பாதத்துக்கு அதுதான் சுகம். லேஸ் இல்லாத லோஃபர், வாசலில் கழற்றி மாட்ட வேண்டிய திருமண வீடுகளுக்கு வசதி. பிரவுன் நிறம் கருத்தரங்குக்கும் அன்றாட அலுவலகத்துக்கும் சரி. ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், வேலைப்பாடு இல்லாத கறுப்பு டெர்பி வாங்குங்கள். நேர்காணலுக்கும் திருமணத்துக்கும் அதுவே போதும். பெல்ட் ஷூவின் நிறத்தில், சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தில் இருக்கட்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

ஷூவைப் பார்த்து ஆளை எடைபோடுவது நியாயமா? இல்லை. அந்த விதியை நாம் எழுதவும் இல்லை. அதை மாற்ற வேண்டுமென்றால் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கத்தில் நம்மவர்கள் உட்கார வேண்டும். அதுவரை, விதி தெரியவில்லை என்ற காரணத்துக்காக ஒரு தோழர்கூட வெளியே நிற்கக் கூடாது. அம்பேத்கரின் கோட்டும் ஷூவும் அவர் சிலையில்கூட ஏன் சிலரை உறுத்துகின்றன என்று யோசியுங்கள்.

ஷூ போட வேண்டிய இடங்களில் முதலாவது நம் சொந்த ஊர். விடுமுறைக்குப் போகும்போது ஊர்த்தெரு வந்ததும் கழற்றிப் பைக்குள் வைக்காதீர்கள். தனியாகப் போகாமல், சேர்ந்து நடப்போம். தடுப்பவர்களுக்குச் சட்டம் பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்!