கல்லைப் பார்த்தோம், பையைப் பார்க்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இப்போது ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மாமியாருக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பியில் பையையே எடுத்துவிட்டார்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சார், வீட்டுக்கு வந்தாச்சு" என்றார். "பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கிட்டியாப்பா?" என்று கேட்டேன். "அது எதுக்கு சார்? வெறும் கல்லுதானே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்னவன் நான்.

என் பெரியக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டுத் திண்ணையில் டியூஷன் படித்தவர்களுக்குச் சாயங்காலம் சுண்டல் கொடுத்தது அவர்தான். 71 வயதில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்டால் குமட்டல், முதுகுப் பக்கம் குத்தல். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள், சுவர் தடித்திருக்கிறது, உள்ளே கலங்கல் மாதிரி தெரிகிறது என்று எழுதியிருந்தது. புரட்டாசி மாதம் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே எழுந்து நடந்தார்.

ஆஸ்பத்திரியில் கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். 23 கற்கள். எண்ணினது நான்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டிலைக் காட்டினோம். "அடேயப்பா, இத்தனையா!" என்று எல்லோரும் வாயில் கைவைத்தார்கள். கல் இருந்த பை எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பை லேபுக்குப் போயிருந்தது. பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அக்கா மகன், "மாமா, நாளைக்குப் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். "வெறும் கல்லுதானேடா, தையல்கூடப் பிரிச்சாச்சு. அந்தப் பக்கம் போறப்ப வாங்கிக்கலாம்" என்றேன். 33 வருடம் உயிரியல் நடத்தியவன் சொன்ன வார்த்தை அது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் அக்காவுக்கு மறுபடி வலி, பசியின்மை. வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த பையோட பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" அக்கா மகன் ஓடிப்போய் வாங்கி வந்தான். ஆபரேஷன் முடிந்து 47 நாள் ஆகியிருந்தது. லேப் மேஜை இழுப்பறைக்குள் ஐந்து வாரமாக அந்தக் கவர் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. உள்ளே 'ம்யூசினஸ் அடினோகார்சினோமா' என்று எழுதியிருந்தது.

அது என்ன என்று சொல்கிறேன். பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், கத்தரிப்பிஞ்சு அளவுள்ள ஒரு பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து, கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்புச் சாப்பாடு வந்ததும் குடலுக்கு அனுப்பும். அதன் உள்தோல் இயல்பாகவே கொஞ்சம் ம்யூசின், அதாவது வழவழப்பான சளி மாதிரி ஒரு பொருளைச் சுரக்கும். பித்தப்பைப் புற்றுநோயில் பெரும்பங்கு சாதாரண அடினோகார்சினோமா என்ற வகை. அபூர்வமாக, நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு, புற்றுச் செல்கள் அளவில்லாமல் ம்யூசினைக் கொட்டும். கட்டியில் பாதிக்கு மேல் செல்லுக்கு வெளியே தேங்கிய ம்யூசினாக இருந்தால் அதற்கு ம்யூசினஸ் வகை என்று பெயர். சப்ஜா விதையை ஊறவைத்தால் நடுவில் கறுப்பு விதை, சுற்றிலும் ஜவ்வு தெரியுமே, அந்த மாதிரி. ஜவ்வுக் குளத்தில் அங்கங்கே கொஞ்சம் செல்கள் மிதக்கும். இன்னொரு வகையில் ம்யூசின் செல்லுக்குள்ளேயே நிறைந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். முத்திரை மோதிரம் மாதிரி தெரிவதால் அதை சிக்னெட் ரிங் செல் வகை என்பார்கள்.

இந்த வகைகளைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்? முதலாவது, அறிகுறிகள் எல்லாம் கல்லுக்கு வருபவையேதான். இரண்டாவது, ஸ்கேனில் இந்த ஜவ்வு வெறும் பித்தக் கலங்கல் மாதிரியோ, நாள்பட்ட அழற்சியில் சுவர் தடித்த மாதிரியோ ஏமாற்றும். கல் அடைத்துக்கொண்டு பை முழுக்கச் சளி நிரம்பும் சாதாரண நிலையும் ஒன்று இருக்கிறது. அதுவும் இதே போலத் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கொஞ்சம் துப்புக் கிடைக்கலாம். மூன்றாவது, ஆபரேஷன் செய்து எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் முன்கூட்டி ஊசி போட்டு எடுத்துப் பார்க்க டாக்டர்கள் தயங்குவார்கள். ஊசி போன வழியில் புற்றுச் செல் சிந்திவிடும் என்ற பயம். ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 கல்லடைப்பு, காமாலையிலும் ஏறும். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

ஆக, உறுதியான பதில் கிடைக்கும் இடம் ஒன்றுதான். எடுத்த பையை ஃபார்மலினில் போட்டு, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, நோய்க்குறியியல் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ம்யூசினைக் காட்டவென்றே ஆல்சியன் புளூ, பி.ஏ.எஸ். போன்ற சாயங்கள் உண்டு. பெருங்குடலிலோ வேறு இடத்திலோ தொடங்கி இங்கே வந்ததா என்று பார்க்கத் தனிச் சோதனைகளும் இருக்கின்றன.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கல்லுக்காக எடுத்தாலும் சரி, எதற்காக எடுத்தாலும் சரி, எடுத்த ஒவ்வொரு பித்தப்பையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த ரிப்போர்ட் நோயாளி கைக்கு வந்த பிறகுதான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு.

இதற்கு மறுப்பு இருக்கிறது. கல்லுக்காக எடுத்த பைகளில் எதிர்பாராமல் புற்றுநோய் இருப்பது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்கூட அநேகமாக வராது. மிச்ச எல்லோருக்கும் வீண் செலவுதானே என்கிறார்கள். சில மேலைநாட்டு மருத்துவர்கள், சர்ஜன் பையைத் திறந்து கண்ணால் பார்த்து, சந்தேகம் இருந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்று வாதிடுகிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ம்யூசின் வகையில் கண் ஏமாறும். கல் அடைத்த பையில் சளி இருப்பது சர்ஜனுக்குப் பழகிய காட்சி. அந்தச் சளிக்குள் என்ன மிதக்கிறது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. செலவைப் பற்றிச் சொன்னால், ஆபரேஷனுக்குப் பல ஆயிரம் கட்டுகிற நாம், அதில் ஒரு சின்னப் பங்கான இந்தச் சோதனைக்குக் கணக்குப் பார்ப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது. இந்தக் கட்டணத்தை ஆபரேஷன் பேக்கேஜிலேயே சேர்த்துவிட வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் ஆஸ்பத்திரியே போன் செய்து கூப்பிட வேண்டும். "வந்து வாங்கிக்கோங்க" என்பது போதாது.

இன்னொன்று. நம் நாட்டில் பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில்தான் அதிகம்: உத்தரப்பிரதேசம், பீகார், வங்காளம், அதோடு அசாம். தெற்கே குறைவு. அந்தக் குறைவே நமக்கு ஓர் அலட்சியத்தைக் கொடுத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும் நோய் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் வயிற்றுவலியைக் "கேஸ்" என்று சொல்லி வருடக்கணக்கில் ஓமத்தண்ணீரில் ஓட்டுகிறவர்கள்.

சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். புற்று உள்தோல் அடுக்கோடு நின்றிருந்தால், பையை எடுத்ததே போதுமான வைத்தியம். தசை அடுக்குக்குள் போயிருந்தால், உடம்பு தாங்குகிறவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் செய்து, பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். அக்காவுக்குத் தசையைத் தாண்டியிருந்தது. நாங்கள் போனபோது கல்லீரலிலும் பரவியிருந்ததால் ஆபரேஷனுக்கு வழியில்லை என்றுவிட்டார்கள். கீமோ கொடுத்தார்கள். அடுத்த ஆவணியில் போய்ச் சேர்ந்தார். அந்த ஐந்து வாரம் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. காப்பாற்றியிருக்காது என்றும் சொல்லவில்லை. மிச்ச நாளெல்லாம் அதோடுதான் நான் தூங்கப் போகிறேன்.

கடைசி மாதத்தில் ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன், "அக்கா, ரிப்போர்ட்டை மெதுவா வாங்கலாம்னு சொன்னது நான்தான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குச் சொன்னது போதும் தம்பி. உன் பிள்ளைங்களுக்குச் சொல்லு" என்றார். பிள்ளைகள் என்று அவர் சொன்னது உங்களைத்தான்.

அதனால் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஆபரேஷனுக்கு முன்பே, "பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2. பாட்டிலை உங்கள் கையில் கொடுத்தால் ஃபார்மலினில் பை மூழ்கியிருக்கிறதா, பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து அன்றைக்கே லேபில் சேருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

3. ரிப்போர்ட் வாங்கும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். வீட்டில் ஒருத்தர் பெயரில் அந்தப் பொறுப்பைப் போடுங்கள். எல்லோர் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லை.

4. வாங்கியதும் படியுங்கள். 'கார்சினோமா', 'மாலிக்னன்ஸி', 'டிஸ்ப்ளாசியா' என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டால் அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். மாலிக்னன்ஸி 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

5. பயந்துவிடாதீர்கள். பித்தக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. இது பயப்படச் சொல்லும் பதிவு இல்லை. ஒரு கவரைப் போய் வாங்கி வரச் சொல்லும் பதிவு.

முதலில் சொன்ன மாணவர் நேற்று வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார். நாள்பட்ட அழற்சி மட்டும்தான், வேறொன்றும் இல்லை. கீழே "தேங்க்ஸ் சார்" என்று எழுதியிருந்தார். அக்கா படத்துக்கு முன்னால் போனை வைத்து அதைப் படித்துக் காட்டினேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆகி, ரிப்போர்ட் வாங்காமல் கிடந்தால் நாளைக் காலையிலேயே போய் வாங்குங்கள். வாங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்த பழக்கம், இன்னும் விடவில்லை எனக்கு.

அன்புடன்,
உங்கள் பயாலஜி சார்