நாசரேத்தூரார் என்பதே குற்றமா?



நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைக் கேட்டவுடனே, அங்கிருந்து நல்லது வருமா என்று நத்தனியேல் ஐயப்பட்டார். ஆளைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்தார். ஆயினும் பிலிப்பு அழைத்தபோது எழுந்து சென்று நேரில் கண்டார், மனம் மாறினார். நீதி வழங்கும் இடத்தில் இப்படி நேரில் காண்பவர் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் பல மாநிலங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதற்குக் கணினி மதிப்பெண் போடுகிறது. அத்தகைய 'கம்பாஸ்' என்னும் கருவியைப் 'புரோபப்ளிக்கா' என்ற செய்தி நிறுவனம் 2016-இல் புளோரிடாவில் ஆராய்ந்தது. பின்னர் எக்குற்றமும் செய்யாத கறுப்பினத்தவருள் 100-க்கு ஏறத்தாழ 45 பேர் ஆபத்தானவர்கள் எனக் குறிக்கப்பட்டிருந்தனர். வெள்ளையருள் ஏறத்தாழ 23 பேர். கருவியை உருவாக்கிய நிறுவனமோ, ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவரானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மீண்டும் தவறுகிறார்கள் என்று வாதிட்டது. கணக்கில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சிக்கல் அதற்கும் அடியில் இருக்கிறது. மீண்டும் குற்றம் செய்தார் என்பதைக் கருவி கைது ஏட்டைக் கொண்டே அறிகிறது. காவலர் அதிகம் தேடும் தெருவில் கைதும் அதிகம். கைது அதிகமானால் மதிப்பெண்ணும் உயர்கிறது.

இது எங்கோ நடப்பது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கணினி வருவதற்கு முன்பே நம் மண்ணில் இந்தக் கணக்கு எழுதப்பட்டது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராக வணிகம் செய்த குறவர் மக்கள், இரயில் பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் வந்தபின் பிழைப்பை இழந்தார்கள். பிழைப்பை இழந்தவர்களுக்கு மாற்று வழி காட்டாமல், பிறப்பையே குற்றமாக்கிக் கைரேகை பதிந்தார்கள். இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீங்கியது. 'சேலம் உப்புக் குறவர்' என்ற பெயர் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருந்து நமக்கு அதை நினைவூட்டுகிறது.

சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. பின்தங்கிய சமூகத்தார், சீர்மரபினர் ஆகியோரின் பெயர்களைக் காவல்துறையின் குற்றச் சரித்திர ஏட்டில் இயந்திரத்தனமாக எழுதுவது பற்றி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறை விதிகளில் சாதியைக் கொண்டு வேலை பிரிப்பதையும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதுவதையும் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் ஆபத்தை எடைபோடவே கூடாதா? பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீருக்கு முன் அப்படிச் சொல்ல முடியாது. குற்றவாளி திருந்தக்கூடியவரா, சமூகத்துக்குத் தொடர்ந்து ஆபத்தாக இருப்பாரா என்பதை எண்ணிப் பார்க்கவே 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதியும் மனிதர்தாம், அவருக்கும் முற்சாய்வு உண்டு. ஆனால் அவர் காரணம் எழுதியாக வேண்டும். மேல்முறையீட்டில் அதைக் கேள்வி கேட்கலாம். கணக்கிடும் முறை நிறுவனத்தின் வணிக இரகசியமாக இருக்குமானால், மதிப்பெண்ணை யாரிடம் கேட்பது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூனில் ஜி-7 தலைவர்கள் முன் இதே கருவிகளைச் சுட்டிக்காட்டினார். மனிதர் எப்போதும் வளர்பவர், தம் செயலால் நம்மை வியப்பில் ஆழ்த்தக்கூடியவர், இயந்திரம் அதைக் கணக்கில் கொள்ளாது என்பதே அவர் கருத்து. சக்கேயுவின் பழைய ஏட்டை மட்டும் பார்த்திருந்தால், ஆண்டவர் அவர் வீட்டுக்குச் சென்றிருப்பாரா? சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்கு எந்தக் கருவி நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கும்?

நம்மையும் சோதித்துப் பார்ப்போம். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் நம் வாயில் முதலில் வருவது எந்தத் தெருவின் பெயர்? சேலம் மத்திய சிறையிலிருந்து தண்டனை முடிந்து வந்தவர், நம் கோழிப்பண்ணையிலோ லாரிப் பட்டறையிலோ தறிக்கூடத்திலோ வேலை கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? நாமும் மனதுக்குள் மதிப்பெண் போடுபவர்களே. நத்தனியேலைப் போல எழுந்து சென்று, முதலில் ஆளைப் பார்ப்போம்.