கேரவன் வாங்கப் போறீங்களா? வேன், பஸ், டிரெய்லர்... எந்த வகை யாருக்கு? முதல்ல எதைப் பார்க்கணும்?

2024 டிசம்பர். கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே பரவியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

வீட்டையே கூட்டிக்கிட்டு ஊர் சுற்றலாம் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. வீடியோக்களில் மெத்தையைக் காட்டுகிறார்கள், குட்டி கிச்சனைக் காட்டுகிறார்கள். ஆனா மூணு கேள்விக்குப் பதில் தெரியாம அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ராத்திரி கரன்ட் எங்கிருந்து வரும்? வண்டியை எங்கே நிறுத்துவீங்க? ஆர்.சி.யில் என்ன வண்டின்னு எழுதியிருக்கும்? எந்த வகை வண்டி வாங்கலாம் என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

எது கேரவன்? எது கேரவன் இல்லை?

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் நினைவுக்கு வருவது சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் வண்டிதான். அது பெரும்பாலும் மேக்கப் போடவும் ஓய்வெடுக்கவும் உருவாக்கப்பட்டது. குடும்பத்தோடு நாலு நாள் தங்கி, சமைத்து, தூங்குவதற்கான வண்டி வேறு.

இந்தியாவில் இதற்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. 'மோட்டார் கேரவன்' என்றால் குறைந்தபட்சம் நான்கு வசதிகள் வேண்டும்: உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க இடம். வேனில் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டால் அது கேரவன் ஆகிவிடாது.

என்னென்ன வகைகள்?

உலகம் முழுக்க இரண்டே குடும்பம்தான். ஒன்று, தானே ஓடுகிற வண்டி. இன்னொன்று, கார் இழுத்துச் செல்லும் டிரெய்லர்.

தானே ஓடுகிற வண்டிகளை அமெரிக்காவில் கிளாஸ் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. இந்த எழுத்துகள் அளவு வரிசையில் இல்லை. ஏ பெரியது, பி சிறியது, சி நடுத்தரம்.

* கிளாஸ் ஏ: பஸ் அல்லது லாரி சேஸிஸ் மேல் கட்டியது. இடம் தாராளம். ஆனா குறுகலான ஊர்த் தெருவிலும் கொண்டை ஊசி வளைவிலும் திருப்புவது கஷ்டம். வீட்டு வாசலில் நிறுத்தவும் முடியாது.

* கிளாஸ் பி: வேனுக்குள்ளேயே அமைத்த கேம்பர்வேன். நம்ம ஊரில் ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் மாதிரி வேன்களில் இதைப் பார்க்கலாம். ஓட்டுவதும் நிறுத்துவதும் எளிது. இரண்டு பேருக்குத் தாராளம், நாலு பேருக்கு நெருக்கடி.

* கிளாஸ் சி: முன்பக்கம் வேன் கேபின், பின்னால் தனியாகக் கட்டிய அறை, டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை. அமெரிக்காவில் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் விரும்புவது. இந்தியச் சாலைகளில் அரிது.

* டிரெய்லர்: எஞ்சின் இல்லாததால் எஞ்சின் பராமரிப்புச் செலவும் இல்லை. முகாமில் கழற்றிவிட்டு காரில் ஊர் சுற்றலாம். ஆனா ரிவர்ஸ் எடுக்கப் பழக வேண்டும். ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தேவை.

* கூரைக் கூடாரம்: எஸ்.யூ.வி. மேல் விரியும் டென்ட். இருப்பதிலேயே செலவு குறைவு. கார் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதை மேனுவலில் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

எடைக் கணக்கு ஏன் முக்கியம்?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் டேங்கை நிரப்பினால், கூடவே 100 கிலோ ஏறுகிறது. அதோடு பேட்டரி, கேஸ் சிலிண்டர், ஏசி, மரச்சாமான், நாலு பேர், அவர்களின் பெட்டிகள். ஷோரூமில் சொல்லும் எடை காலி வண்டியின் எடை. நீங்க பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு. எல்லாம் ஏற்றிய பிறகும் வண்டி அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மலையிறக்கத்தில் பிரேக்குக்குச் சோதனை.

டிரெய்லர் என்றால் இன்னொரு கணக்கும் இருக்கு. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அழுத்த வேண்டும். குறைந்தால் பின்னால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். உங்க கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்க.

லைசென்ஸும் எடையோடு சேர்ந்த விஷயம்தான். இலகுரக வாகன உரிமத்தின் எல்லை 7,500 கிலோ. அந்த எல்லைக்குள் உள்ள போக்குவரத்து வாகனங்களை அதே உரிமத்தில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வேன் அளவு வண்டிகள் இந்த எல்லைக்குள் வந்துவிடும். பெரிய பஸ் சேஸிஸ் தாண்டும், அதற்குக் கனரக உரிமம் வேண்டும்.

ராத்திரி ஏசி ஓடுமா?

வடகரை சம்பவத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் சுமார் 2.4 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் ஏசி மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும். அதாவது இரண்டரை மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், ஒரு மணி நேரம்தான்.

மீதி ராத்திரிக்கு என்ன வழி? ஒன்று, முகாமில் கரன்ட் இணைப்பு. இல்லையென்றால் ஜெனரேட்டர். ஆபத்து வருவது இங்கேதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. எனவே ஜெனரேட்டர் உள்ள வண்டி என்றால் அது எங்கே பொருத்தப்பட்டிருக்கு, புகை எங்கே வெளியேறுது, தரையில் ஓட்டை இருக்கா என்று குனிந்து பாருங்க. படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்க. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே வேண்டாம்.

பழைய வேனை வாங்கி மாற்றலாமா?

பலரும் யோசிப்பது இதைத்தான். செலவு குறையும். ஆனா சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அபராதத்தை விடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் பயணிகள் வேன், உள்ளே கேஸ் அடுப்பு. தீப்பிடித்தால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டி வரும். 'நாங்க எல்லாம் பார்த்துக்கறோம் சார்' என்று பட்டறையில் சொல்வது போதாது. ஏ.ஐ.எஸ்.-124 அங்கீகாரம் இருக்கா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைக்குமா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்க.

சொந்த உபயோகம் என்றால் வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு விட்டால் மஞ்சள் பிளேட், பெர்மிட், எஃப்.சி. எல்லாம் தேவை. வெள்ளை பிளேட் வண்டியை 'சும்மா லீவுல வாடகைக்கு விடலாம்' என்று கணக்குப் போட்டு கடன் வாங்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பார்க் தொடங்கியது. கரன்ட், தண்ணீர், கழிவுநீர் வசதி உள்ள இப்படிப்பட்ட இடங்கள் நம்மிடம் இன்னும் குறைவு. அமெரிக்காவில் கழிப்பறை டேங்கைக் காலி செய்யத் தனி இடங்கள் உண்டு. இங்கே அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பெரிய டேங்க் உள்ள வண்டி வாங்கினால், அந்த டேங்க்கே தலைவலி. கழற்றி எடுத்துப் போய் டாய்லெட்டில் ஊற்றும் கேசட் வகை நம்ம ஊருக்குப் பொருத்தம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* நினைக்கும் வகை வண்டியையே இரண்டு ராத்திரி வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்க. அதில் ஒரு நாள் மலைப்பாதையாக இருக்கட்டும்.
* வருஷத்துக்கு எத்தனை நாள் போவீங்க என்று நேர்மையாக எண்ணுங்க. 10, 15 நாள்தான் என்றால் வாடகையே லாபம்.
* ஏசியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, வீட்டு கேட்டையும் அளந்து பாருங்க.
* ஆர்.சி.யில் வாகன வகை, மொத்த எடை, இருக்கை எண்ணிக்கை மூன்றையும் வண்டியோடு ஒப்பிடுங்க.
* எல்லா மாற்றங்களையும் சொல்லி, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்க.

இரண்டு பேர், மலைப்பயணம் என்றால் கேம்பர்வேன். ஏற்கெனவே வலுவான எஸ்.யூ.வி. இருந்து, ஒரே இடத்தில் நாலு நாள் தங்குவீங்க என்றால் டிரெய்லர். பஸ் அளவு வண்டி என்றால், நிறுத்த இடமும் கனரக லைசென்ஸ் உள்ள டிரைவரும் தயாரான பிறகு யோசிக்கலாம். மெத்தையின் நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கலாம்.