தூண்டில் இரையைத் தின்பது யார்?

நம் ஊர் ஏரிக்கரையில் தூண்டில் போடுபவர் முள்ளில் மண்புழுவைக் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சால்மன் மீன் பிடிப்போர் பலர் கோப்பது சால்மனின் சினை முட்டைகளை. பட்டாணி போன்று உருண்டு, ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் முட்டைகள் அவை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன், பெரும்பாலும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஆயினும் சினை முட்டையைக் கண்டால் கவ்வுகிறது. ஏன் கவ்வுகிறது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

பச்சைச் சினை மென்மையானது, முள்ளில் நிற்காது, விரைவில் அழுகிவிடும். ஆகவே அதை வீட்டிலேயே பதப்படுத்துகிறார்கள். சவ்வோடு கூடிய சினைக் கொத்தைத் துண்டுகளாக நறுக்கி, உப்பு, சர்க்கரை, வெண்காரம், சாயப்பொடி ஆகியவற்றைத் தூவி, கண்ணாடிச் சாடியில் இட்டு, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைப்பார்கள். சிறிது நேரத்தில் சாடியின் அடியில் நீர் ஊறும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டால் நீர் விடுகிறதல்லவா? அதே சவ்வூடு பரவல்தான் இங்கும் நிகழ்கிறது. பிறகு உப்பும் சாயமும் மெல்ல உள்ளே புகப் புக, வெளியேறிய நீரில் ஒரு பகுதியை முட்டைகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பொற்கொல்லர் பட்டறையில் நாம் காணும் வெண்காரம் இங்கே நுண்ணுயிர்களைத் தடுத்து, முட்டையின் தோலை இறுகச் செய்கிறது.

இவற்றோடு பலர் சோடியம் சல்பைட் என்னும் உப்பையும் சேர்ப்பதுண்டு. புகைப்படச் சுருளைக் கழுவும் கரைசல் காற்றுப்பட்டுக் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படுவதும் இதுவே. இது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதால் முட்டைகள் கறுக்காமல் பளிச்சென்று இருக்கும்.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரை பெரிய மீனுக்காகப் போடப்படுகிறது. ஆனால் ஆற்றில் பெரிய மீன் மட்டுமா இருக்கிறது? சினூக் சால்மன், ஸ்டீல்ஹெட் ஆகியவற்றின் குஞ்சுகள் கடலுக்குச் செல்லுமுன் சில மாதங்களோ, ஓரிரு ஆண்டுகளோ ஆற்றிலேயே வளர்கின்றன. மீன் முட்டை அவற்றுக்கு விருப்பமான உணவு. முள்ளிலிருந்து நழுவிய முட்டைகளை அவை தின்னாமல் விடுமா?

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆரிகனில் இதை ஆராய்ந்தார்கள். பதப்படுத்திய முட்டைகளைத் தொட்டியிலிருந்த குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சில வகைக் கலவைகளைத் தின்ற குஞ்சுகளில் ஒரு பகுதி இறந்தன. சேர்மானங்களை ஆராய்ந்ததில் சோடியம் சல்பைட்டே காரணம் எனத் தெரியவந்தது. நாளைய மீனை இன்றைய இரையே கொன்றது!

"ஒரு கைப்பிடி முட்டையால் ஆறு கெட்டுவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். தொட்டியில் இறந்த குஞ்சுகளைக் கொண்டு, ஆற்றில் எத்தனை இறக்கும் என்று கணக்கிட இயலாது. இந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் ஒரே மடுவில் பலர் நாள்தோறும் தூண்டில் போடும்போது, அது ஒரு கைப்பிடியாக நிற்பதில்லை. மேலும், சல்பைட் இல்லாமலும் சினையைப் பதப்படுத்தலாம். உப்பும் சர்க்கரையும் வெண்காரமும் அந்த வேலையைச் செய்யும். இழப்பு சற்று நிறமும் பளபளப்பும் மட்டுமே. இவ்வளவு சிறிய பயனுக்காக இவ்வளவு பெரிய ஐயத்தை ஆற்றில் விடுவது அறிவுடைமை ஆகாது என்பதே என் கருத்து.

ஆய்வின் முடிவு தெரிந்தபின், இத்தகைய கலவைகளை விற்போரும் சல்பைட்டைக் குறைக்க முன்வந்தனர். இது பாராட்டத்தக்கது. ஆனால் வீட்டில் கலப்பவரைக் கேட்பவர் யார்? அவருடைய சாடியில் அளவுச்சீட்டு இல்லை. சோதிக்க அலுவலரும் இல்லை. அங்கே காவல் அவருடைய அறிவு ஒன்றுதான். வெண்காரம் கலந்த சினை மனிதர் உண்ணத் தக்கதன்று என்பதையும், அதற்குச் சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது என்பதையும் அவரே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"தாத்தா காலத்துப் பக்குவம்" என்பதாலோ, "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதாலோ ஒரு கலவை நல்லதாகிவிடாது. மாணவர்களே, எந்தப் பக்குவத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதிலுள்ள ஒவ்வொரு பொருளும் எதற்காக? நாம் எண்ணியவரைத் தவிர இதைத் தின்னக்கூடியவர் வேறு யார்? முதற் கேள்வியை அந்த மீனவர்களில் பலர் கேட்டிருந்தார்கள். இரண்டாவதைக் கேட்கத் தாமதமானது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவை விரல் நீளக் குஞ்சுகள்.